பழைய ரிம் பிரேக் ரோடு பைக்: 23சி-யிலிருந்து 28சி-க்குப் போகலாமா?

கியர்ப்பித்தன்:
அலுமினிய ஃப்ரேம் சைக்கிள், ரிம் பிரேக் (சக்கரத்தின் வளையத்தை, அதாவது ரிம்மைப் பிடிக்கும் பிரேக்). இப்போது 700×23சி டயர் (அகலம் சுமார் 23 மிமீ), காற்றழுத்தம் 110 பிஎஸ்ஐ. ரிம்மில் 622×15சி என்று இருக்கிறது, அதாவது உள் அகலம் 15 மிமீ. என் எடை 78 கிலோ. ஈசிஆரில் பிரச்சினை இல்லை. குண்டும் குழியுமான உள் ரோட்டுக்குத் திரும்பினால் கை மரத்துப்போகிறது. நேராக 28சி போடலாமா? வேகம் குறையுமா?

சைடுவால்:
வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே காற்றழுத்தத்தில் ஒல்லி டயரும் அகல டயரும் தரையில் பதியும் பரப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒல்லி டயரில் அது நீளவாக்கில் பதியும், அகல டயரில் குறுக்குவாக்கில். நீளமாகப் பதியும்போது டயர் அதிகம் மடங்கும், அதில்தான் சக்தி வீணாகிறது. ஆனால் 28-ல் யாரும் 110 அடிப்பதில்லை. காற்றைக் குறைத்ததும் வழவழ ரோட்டில் இந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும். ஜல்லி பெயர்ந்த ரோட்டில்தான் அகல டயர் உண்மையில் ஜெயிக்கும், அங்கே அதிர்வை உடம்பு வாங்காமல் டயரே வாங்கிக்கொள்ளும்.

ஆலன்கீ:
வேகம் கிடக்கட்டும், முதலில் உள்ளே நுழையுமா என்று பாருங்க. டயரில் எழுதியிருப்பது ஒன்று, ரிம்மில் ஏறியபின் இருக்கும் அகலம் வேறு. ரிம்மின் உள் அகலம் 1 மிமீ கூடினால் டயர் ஏறக்குறைய 0.4 மிமீ விரியும். இன்றைய 28சி பெரும்பாலும் 19 மிமீ ரிம்மைக் கணக்கில் வைத்துச் செய்தது. உங்கள் 15-ல் 26.5 அல்லது 27 தான் வரும். அகலம் எவ்வளவு கூடுகிறதோ, டயரின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும்.

ஆலன் கீயையே (அறுகோணச் சாவி) இடைவெளிக்கு அளவுகோலாக வையுங்க. முன்னால் ஃபோர்க் கிரீடம் (முன் கவையின் மேல்பகுதி), பிரேக் காலிப்பரின் (பிரேக் கட்டைகளைத் தாங்கும் கவ்வி) அடிப்பகுதி. பின்னால் செயின்ஸ்டே (பெடல் பக்கத்திலிருந்து பின் அச்சுக்குப் போகும் குழாய்), சீட் டியூப் (சீட்டைத் தாங்கும் குழாய்). புது டயர் ஏறியபின்னும் 4 மிமீ கீ எல்லா இடத்திலும் நுழைய வேண்டும். ஒட்டினாற்போல் விட்டால், வெயிலில் இளகிய தாரோடு ஒட்டி வரும் பொடிக்கல் பெயின்டைச் சுரண்டும். ஒரு ஸ்போக் அறுந்து சக்கரம் கோணினாலே டயர் ஃப்ரேமில் உரசி நிற்கும்.

பஞ்சர்கிட்:
காற்று: உங்கள் எடைக்கு 25சி-யில் முன் 78, பின் 85, 28சி-யில் முன் 65, பின் 72. இதிலிருந்து ஆரம்பித்து மூன்று மூன்றாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்க. டயரில் அச்சிட்ட உச்ச அளவு எல்லை மட்டும்தான், யாரும் அதை அடிக்கச் சொல்லவில்லை. ரொம்பக் குறைத்தால் குழி விளிம்பில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். 18-25 மிமீ டயருக்கான டியூபை 28-க்குள் போடாதீங்க, இழுபட்டு மெலிந்து சீக்கிரம் காற்று இறங்கும்.

தூரம் காட்டும் சைக்கிள் மீட்டரில் சக்கரச் சுற்றளவை மாற்ற மறக்காதீங்க: 23-க்கு 2096 மிமீ, 25-க்கு 2105, 28-க்கு 2136. மாற்றாமல் 28-ல் 100 கிமீ ஓட்டினால் 98 தான் காட்டும்.

கியர்ப்பித்தன்:
அளந்துவிட்டேன். 23 இருக்கும்போதே ஃபோர்க்கில் டயருக்கு மேலே 6 மிமீ, பின்னால் பக்கவாட்டில் 6, 6. பின்னால் மட்டும் 28 போடலாமா?

ஆலன்கீ:
முன்னால் 28 போட்டால் மேலே 2 சொச்சம்தான் மிஞ்சும், வேண்டாம். 25 தாராளம். பின்னால் பக்கத்துக்கு 2 மிமீ குறைந்தாலும் 4 இருக்கும். சீட் டியூபிலும் பின் காலிப்பரின் அடியிலும் 8 இருக்கிறதா என்று பார்த்துவிட்டு 28 வாங்குங்க. பாரம் அதிகம் விழுவதும் பின் சக்கரத்தில்தான். ஒரே தொல்லை, காலிப்பரின் விரைவு நெம்பை (பிரேக் கட்டைகளை விரிக்கும் சிறு நெம்புகோல்) முழுக்கத் திறந்தாலும் 28 பிரேக் கட்டைகளுக்கு நடுவே சிக்கலாம். பஞ்சர் ஒட்டியபின் சக்கரத்தை முதலில் மாட்டி, அப்புறம் காற்று அடியுங்க. கைக்கு, முன் 25-ஐ 78-லேயே வைத்தால் போதும். இப்போது 110 தான் குத்துகிறது.