முற்றத்தின் நடுவில் நின்ற சுவர்

கும்பகோணத்திலிருந்து:

பழைய வீட்டில், உறவுக்காரர்களோடு சேர்ந்து குடியிருந்துகொண்டே பழுதுபார்த்தவர்கள் இங்கே இருந்தால் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

நானும் வீட்டுக்காரரும் மகளும் போன தை மாதம் சென்னையை விட்டு அம்மாவோடு வந்து சேர்ந்தோம். அப்பா போன பிறகு அம்மாவைத் தனியாக விட மனசில்லை. வீட்டுக்காரருக்கும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்தது. எங்கள் வீடு காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவே பழைய தெரு ஒன்றில் இருக்கிறது. அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கிணற்றடி, கொல்லை என்று போய்க்கொண்டே இருக்கும்.

1996-இல் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது. கூடத்தில் தொடங்கி முற்றத்தின் நடுவே ஓடி, கிணற்றடி வரைக்கும் ஒரு செங்கல் சுவர் எழும்பியது. வடக்குப் பாதி பெரியப்பாவுக்கு, தெற்குப் பாதி எங்களுக்கு. அம்மாவும் பெரியம்மாவும் ஓரகத்திகள். அந்தப் பக்கம் கடுகு தாளிக்கும் வாசனை இந்தப் பக்கம் வரும். ஆனால் இரண்டு பேரும் முகம் பார்ப்பது கல்யாணம் காட்சியில்தான். இப்போது பெரியப்பாவும் இல்லை. வடக்குப் பாதியில் பெரியம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பையன்.

வந்த முதல் வாரமே என்னை உறுத்தியது தெற்குச் சுவரின் ஓதம்தான். அடியிலிருந்து இடுப்பு உயரத்துக்கு மேல் பூச்சு உப்பி, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அரிசி டின்னை அந்தச் சுவர்ப் பக்கம் வைக்கவே முடியாது. ஆற்றங்கரை ஊர், மண் அப்படி என்றுதான் அப்பா சொல்வார். 2003-இல் அடியிலிருந்து நாலடிக்குச் சிமெண்ட் பூசினார். அடுத்த வருஷம் ஓதம் அஞ்சடிக்கு ஏறியது. அப்புறம் ஈரம் தாங்கும் பெயிண்ட் என்று ஒன்றை அடித்தார். அது பப்படம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது.

தாராசுரம் பக்கத்திலிருந்து ஒரு கொத்தனாரை அழைத்து வந்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சுவரைத் தட்டினார், ஆணியால் கீறினார், விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்துப் பார்த்தார். பழைய சுவர் சுண்ணாம்பில் கட்டியது, அது ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும், மேலே சிமெண்டை அப்பினால் விடுவதற்கு வழி இல்லாமல் ஈரம் மேலே மேலே ஏறும் என்று விளக்கினார். அதுவரை எனக்கும் புரிந்தது. பிறகு அவர் கேட்டார்: “ஏம்மா, முற்றத்துத் தண்ணி எந்தப் பக்கமா வெளியே போவுது?”

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் பாதியில் அது எங்கேயும் போகவில்லை. நாலு பக்கத் தாழ்வாரமும் உள்பக்கமாகச் சரிந்து, மழை முழுக்க முற்றத்தில்தான் கொட்டும்படி கட்டிய வீடு அது. வெளியேறும் தூம்பு வடகிழக்கு மூலையில், பெரியப்பா பாகத்தில் இருந்தது. நடுச்சுவர் எழுப்பியபோது தண்ணீருக்காக அடியில் ஒரு சிறிய ஓட்டை விட்டிருக்கிறார்கள். பாம்பு வருகிறது என்று ஏதோ ஒரு வருஷம் அதையும் அடைத்துவிட்டார்கள். எந்தப் பக்கத்தவர் அடைத்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. மழைக்காலம் முழுக்க எங்கள் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். அம்மா வாளியால் மொண்டு வாசலில் கொட்டுவார். நான் அதில்தான் காகிதக் கப்பல் விட்டு வளர்ந்தேன். மழை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தண்ணீர் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் எங்கள் சுவரின் காலடியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒரே வீடுதான், ஆனால் வாசல் வழியாக இறங்கி, தெருவில் நாலு எட்டு நடந்து, பக்கத்து வாசலில் ஏற வேண்டும். சுவரில் ஒரு ஓட்டை போட அனுமதி கேட்கத்தான் போனேன். மனசுக்குள் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். நான் சொல்லி முடித்ததும் அண்ணி, “ஓட்டை எதுக்கு? செவுத்தையே எடுத்துடலாமே” என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் தானே எங்கள் வாசலுக்கு வந்தான். பத்திரத்தில் இருக்கிற பாகம் அப்படியே இருக்கட்டும், சுவர் இருந்த இடத்தில் தரையோடு தரையாக ஒரு வரிசைக் கருங்கல் பதித்துவிடலாம், நாளைக்குப் பிள்ளைகளுக்குள் குழப்பம் வரக்கூடாது என்றான். எனக்கு அது ரொம்பச் சரியாகப் பட்டது. இதே நிலையில் இருப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அடையாளத்தை முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் கடப்பாரையை எடுங்கள்.

கஷ்டம் வந்தது அம்மாவிடம்தான். “அவங்க துணி எங்க காயப்போடுவாங்க?” என்று கேட்டார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அது நியாயமான கேள்வி. சுவரின் தெற்கு முகத்தில்தான் அம்மாவின் கொடி கட்டியிருந்தது. பத்து மணிக்கு வரும் வெயில் எந்தத் தூணில் விழும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய ஒரு நாள் முழுக்க அந்த அரை முற்றத்தில்தான் நடக்கிறது. கேட்காமல் இடித்திருந்தால் அந்த நாளைத்தான் இடித்திருப்போம். பெரியம்மா பக்கம் துளசி மாடத்தை நகர்த்தக்கூடாது என்றார்கள். கொடி மேற்குத் தாழ்வாரத்துக்குப் போனது, மாடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இடிக்க மூன்று நாள் ஆனது. சிமெண்ட் வைத்துக் கட்டிய செங்கல் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. சுவருக்குள் ஒரு மரத்தூணின் பாதி புதைந்திருந்தது. வெளியே தெரிந்த பாதி எண்ணெயும் கையும் பட்டுக் கறுத்திருக்க, உள்ளே இருந்த பாதி மங்கிய மஞ்சளாக நின்றது. அடியில் ஒன்றரை அடிக்குக் கரையான். ஆசாரி அதை அறுத்தெடுத்துவிட்டுக் கல்லில் கால் வைத்துக் கொடுத்தார்.

தெற்குச் சுவரின் சிமெண்டை முழுக்கக் கொத்திவிட்டுச் சித்திரை வெயிலுக்கு அப்படியே திறந்து விட்டோம். மூன்று மாதம் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டோம், தூங்கினோம். பொறுமை இல்லாமல் பூசியிருந்தால் திரும்பவும் இதே கதைதான். ஆடியில் சுண்ணாம்பை நீற்றினோம். தொட்டியில் கல் சுண்ணாம்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துப் புகை கிளம்பியது. பிள்ளைகளைக் கிட்டே விடவில்லை. மூன்று வாரம் தண்ணீருக்குள்ளேயே ஊறியது. பூச்சில் கலப்பதற்காக, கடுக்காயை நசுக்கிப் போட்டு வெல்லம் கரைத்த தண்ணீர் தனியாக ஒரு பானையில் புளித்தது. அந்த வாசனை தெரு வரைக்கும் போயிற்று. சிமெண்ட் பூச்சு ஒரு வாரத்தில் முடிந்திருக்கும். இது ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, சம்பளமும் அந்தக் கணக்கில்தான். கையில் பணம் இருந்தால் தயங்காதீர்கள் என்பேன்.

சமையலை ஒன்றாக்கலாமா என்று அண்ணி கேட்டபோது அம்மாவும் பெரியம்மாவும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். அதனால் இரண்டு அடுப்படி, இரண்டு மீட்டர். போர் மோட்டார் மட்டும் எங்கள் இணைப்பில் ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுத்ததும் அண்ணன் அதில் ஒரு பங்கு கொடுத்துவிடுகிறான்.

இப்போது புரட்டாசி. மழை இன்னும் இந்த முற்றத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததும் வந்து சொல்கிறேன்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து:

இரண்டு அடுப்படி என்று படித்ததும் எங்கள் வீடுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் பிள்ளைக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பது’ என்று ஒன்று உண்டு. வீடு ஒன்றுதான், வளவு என்கிற உள்முற்றமும் ஒன்றுதான். ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அறை, தனி அடுப்பு, அவர்கள் தனிப் புள்ளி, அதாவது கணக்கில் தனிக் குடும்பம். மனஸ்தாபத்தில் பிரிக்கிறது இல்லை, முறையாகச் செய்கிற ஏற்பாடு. அதனால் தனிச் சமையல் என்பதை நீங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு ஒன்பது பங்காளிகள். குடியிருப்பது இரண்டு குடும்பம். மற்றவர்கள் முன்னோர்களுக்குச் செய்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வந்து பூட்டைத் திறப்பார்கள். முகப்பு, வளவு, ஓடு எல்லாம் பொது, செலவு புள்ளிக் கணக்கில் சமமாகப் பிரியும். அவரவர் அறை அவரவர் செலவு. இதை ஒரு நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. வாய்ச் சொல்லில் இருந்த நாலு வருஷமும் ஒரு ஓடுகூட மாற்ற முடியவில்லை.

பெரிய விவாதம் தரைக்குத்தான். இரண்டாம் கட்டில் கல் பெயர்ந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற தம்பி கிரானைட் போடலாம் என்றான். நான் அவனைத் தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கையாலேயே ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். கண்ணாடியைப் பிரித்து எடுத்ததும் அந்த வழவழப்பு அப்படியே கல்லில் இருக்கிறது. சூளை கிடையாது. தம்பி அரை மணி நேரம் பேசாமல் நின்று பார்த்தான், அப்புறம் நிறத்தை அவனே தேர்ந்தெடுத்தான். புதுக்கல் பழைய கல்லுக்குப் பக்கத்தில் இப்போது பளிச்சென்று தனியாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடக்க நடக்கச் சேர்ந்துவிடும்.

ஒரு வருத்தம் மட்டும் இருக்கிறது. முகப்புச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பழைய பூச்சு. தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும், முகம் தெரியும். யாரோ ஒரு கல்யாணத்துக்காக அதன் மேல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அது இப்போது உரிந்து வருகிறது, உரியும்போது அடிப்பூச்சையும் பிடுங்கிக்கொண்டு வருகிறது. வழி தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மதுரையிலிருந்து:

நாங்கள் அக்கா, தங்கை இரண்டு குடும்பம், அப்பா கட்டிய வீடு. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். பூச்சு, பெயிண்ட் எல்லாவற்றுக்கும் முன்னால் வயரிங்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் மரப்பட்டிக்குள் ஓடும் பழைய வயர், எர்த் கிடையாது. இரண்டு குடும்பமாக ஆனதும் இரண்டு ஃபிரிட்ஜ், இரண்டு வாஷிங் மெஷின். ஈரக் கையோடு ஃபிரிட்ஜைத் தொட்ட அக்கா பையனுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளை, கையை உதறிக்கொண்டான். அன்றைக்கே வேலையை நிறுத்தி, எர்த் குழி தோண்டி, மின்கசிவு இருந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வைத்தோம். வைத்த அன்று சுவிட்சைப் போடப் போட அது விழுந்துகொண்டே இருந்தது. கருவி சரியில்லை என்று எடுத்துவிடச் சொன்னார்கள். அக்கா விடவில்லை. ஒவ்வொரு அறையாகப் பிரித்துப் பார்த்ததில் குளியலறைச் சுவருக்குள் ஒரு வயர் தோல் உரிந்து ஈரத்தில் கிடந்தது. பூசி முடித்த பிறகு தெரிந்திருந்தால் அந்தச் சுவரைத் திரும்பவும் உடைத்திருக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து, மீண்டும்:

மதுரை அக்காவுக்கு நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். எங்கள் கிணற்றடி சுவிட்சிலும் எர்த் இல்லை. மாற்றியாயிற்று. காரைக்குடி அண்ணனுக்கு: எங்கள் கொத்தனாரிடம் கேட்டேன். பெயிண்டைச் சுரண்ட வேண்டாம், தானாக உரிகிற இடத்தை மட்டும் எடுத்துவிட்டு, அந்த வேலை தெரிந்த கைக்காரர் கிடைக்கும் வரை விட்டுவைக்கச் சொன்னார்.

நேற்று ராத்திரி மழை. ஐப்பசி பிறந்து முதல் பெரிய மழை. பதினோரு மணிக்கு மேல் பிடித்தது. சத்தம் கேட்டு எழுந்து வந்தால் அண்ணன் ஏற்கெனவே டார்ச்சோடு தூம்புப் பக்கம் குனிந்து நின்றான். நாலு தாழ்வாரத்திலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கருங்கல் வரிசையின் மேல் ஏறி, வடகிழக்கு மூலைக்குச் சுழித்துக்கொண்டு ஓடியது. ஒரு சருகு அடைத்துக்கொண்டது, அண்ணன் காலால் தள்ளிவிட்டான். அம்மா பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மொள்ளத் தண்ணீர் இல்லை. எதிர்த் தாழ்வாரத்தில் பெரியம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். “தண்ணி நிக்குதா, சின்னவளே?” என்று கேட்டார்கள். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, “இல்லக்கா, ஓடுது” என்றார்.

காலையில் தெற்குச் சுவரை அடியிலிருந்து தடவிப் பார்த்தேன். ஒரு சாண் உயரத்துக்குச் சில்லென்று இருந்தது. மத்தியானம் வெயில் வந்ததும் மறுபடி தொட்டேன், காய்ந்திருந்தது.