வாரண்டி உள்ள சவுண்ட் மிக்சரைச் சிங்கப்பூருக்குத் திருத்த அனுப்புவது எப்படி?

கல்லடியான்: சிங்கப்பூரில் வாங்கின மிக்சர். ரெண்டாம் சேனலில் இரைச்சல். மட்டக்களப்பில் இருந்து அனுப்பினா, திரும்பி வரேக்க சுங்கத்தில் வரி அடிப்பாங்களா?

வாவிக்கரை: முதல்ல கம்பனியிட்ட ஆர்.எம்.ஏ. நம்பர், அதாவது சாமானைத் திருப்பி அனுப்பக் குடுக்கிற அனுமதி நம்பர், எடுங்க. அது இல்லாமப் போன பெட்டி பெரும்பாலும் அப்படியே திரும்பும். அனுப்ப முந்தியே, "பழுதுபார்த்துத் திரும்ப வரும்" எண்டு சீரியல் நம்பரோட சுங்கத்தில் பதிய வேணும். அந்தப் பத்திரம் இல்லாட்டி வரேக்க புதுச்சாமான் கணக்குத்தான். பெறுமதியைப் பூச்சியம் எண்டு மட்டும் எழுதாதீங்க.

கல்லடியான்: கூரியர் செலவு, அண்ணே?

வாவிக்கரை: எடையை மட்டும் பார்க்க மாட்டாங்க. நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிப்பாங்க. 45×40×25 பெட்டி எண்டா 9 கிலோ. மிக்சர் 4 கிலோ எண்டாலும் 9க்குத்தான் காசு. அதுக்காகப் பெட்டியைச் சுருக்காதீங்க, சுத்திவர 5 செ.மீ. ஃபோம் வேணும். ஃபேடர் குமிழ்தான், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தள்ளுறது, முதல்ல உடையும். பவர் அடப்டரையும் போடுங்க, பழுது அதிலயும் இருக்கலாம்.

காத்தான்குடி சவுண்ட்: திருகாணியைக் கழட்டிராதீங்க தம்பி, சீல் போனா வாரண்டியும் போச்சு. கடற்காத்தில் ஜாக், அதான் பிளக் குத்துற துளை, பச்சை பிடிச்சாலும் இரைச்சல் வரும், அதை வாரண்டியில் சேர்க்கிறது குறைவு. முதல்ல கொண்டாக்ட் கிளீனர் எண்ட, மின் இணைப்பைத் துப்புரவாக்கிற ஸ்ப்ரே அடிச்சு, பிளக்கைப் பத்துத்தரம் குத்தி எடுத்துப் பாருங்க.