மேக் ஸ்டுடியோ: எம்3 அல்ட்ராவா, எம்4 மேக்ஸே போதுமா?

வணக்கம் நண்பர்களே. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. மூன்று கேமரா, 4கே ஃபுட்டேஜ், எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் சாஃப்ட்வேர். பழைய அசெம்பிள்டு பிசியில் நாய்ஸ் ரிடக்‌ஷன் (படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்குவது) போட்டாலே டைம்லைன் திக்கித் திணறுகிறது. ஃபேன் இரைச்சலில் பக்கத்து அறையில் தூங்கும் பையன் எழுந்துவிடுகிறான்.

2025 மார்ச்சில் வந்த ஆப்பிளின் மேக் ஸ்டுடியோ டெஸ்க்டாப்பை ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். எனக்கு இடிப்பது ஒன்றுதான். விலை கூடிய மாடலில் எம்3 அல்ட்ரா சிப், குறைந்ததில் எம்4 மேக்ஸ் சிப். ஆனால் ஒற்றைக் கோர் வேகத்தில் எம்4தான் முந்துகிறது! அல்ட்ராவின் பலம் 96 ஜிபியில் தொடங்கும் மெமரி. வெளியானபோது 512 ஜிபி வரை கிடைத்தது. பெரிய ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டுபவர்களுக்கு அது வரம், சரி. தாலி கட்டும் காட்சிக்குக் கலர் பார்க்கும் எனக்கு எதற்கு? அறிமுக விலை அமெரிக்காவில் எம்4 மேக்ஸுக்கு 1,999 டாலர், அல்ட்ராவுக்கு 3,999 டாலர். கிட்டத்தட்ட இரு மடங்கு. அப்புறம் மெமரி கூட்டவும் வழியில்லை, வாங்கும்போதே முடிவெடுத்துவிட வேண்டும்.

இரண்டில் ஒன்றில் தினமும் எடிட் செய்பவர்கள் சொல்லுங்கள்: 36 ஜிபி எம்4 மேக்ஸ் தாங்குமா, 64க்குப் போக வேண்டுமா? இல்லை, அதே காசுக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட பிசியே மேலா? பெஞ்ச்மார்க் வீடியோ எல்லாம் பார்த்தாச்சு. கைப்பட்ட அனுபவம்தான் வேண்டும்.