வீடியோ காலில் முத்துக்குளிப்பு: வெள்ளோட்ட அனுபவங்கள்

கீழக்கரைக்காரி

எங்கள் குடும்பத்தில் ஏழு பேர், நான்கு ஊர்கள். உம்மாவும் நானும் கீழக்கரையில். காக்காவும் (அண்ணன்) மச்சியும் (அண்ணி) துபாயில். அவர்கள் மகன் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில். ராத்தாவும் (அக்கா) அவள் மகளும் சென்னையில். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு எல்லோரும் வீடியோ காலில் கூடுவோம். துபாயில் அப்போது எட்டு மணி. "இன்று என்ன ஆணம்?" (குழம்பைத்தான் அப்படிச் சொல்வோம்) என்று கேட்டு முடித்ததும் பேச்சு தீர்ந்துவிடும். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். இந்தக் கொடுமையைத் தாங்க முடியாமல்தான் நானே ஒரு விளையாட்டை உண்டாக்கினேன்.

பெயர் முத்துக்குளி. எங்கள் கடலில் ஒரு காலத்தில் முத்தெடுக்கக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவன், மூச்சு தாங்கும்வரை சிப்பி அள்ளுவான். தோணியில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். இன்னும் ஒரு சிப்பி என்று ஆசைப்படும் அந்த நொடிதான் என் விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண்ணைக் காட்ட வேண்டும். கடலின் தாங்குதிறன் ஆளுக்கு மூன்று, ஆக ஏழு பேருக்கு 21. மொத்தம் அதற்குள் இருந்தால் அவரவர் காட்டிய அத்தனை முத்து அவரவருக்கு. மீறினால், பெரிய எண்ணைக் காட்டியவருக்கு மூச்சு முட்டிவிடும். அவர் மூழ்கிவிட்டார், ஆட்டத்திலிருந்து வெளியே.

முதல் வெள்ளோட்டம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. ஏழு பேரும் ஐந்தைக் காட்டினார்கள். மொத்தம் 35. எல்லோரும் செத்தோம். உம்மா மட்டும், "நல்ல விளையாட்டு, முடிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

இரண்டாம் வாரம் எல்லோரும் சூதானமாகிவிட்டார்கள். ஆனால் காக்கா மகன் மட்டும் ஒருமுறைகூட மூழ்கவில்லை. நான்காவது சுற்றில்தான் பிடிபட்டான். விரல்களைக் காட்டச் சொல்லியிருந்தேன் அல்லவா, படம் போய்ச்சேர எப்படியும் அரை நொடியாவது பிடிக்கும். அவன் எங்கள் விரல்களைப் பார்த்துவிட்டு, எங்களில் பெரிய எண்ணுக்கு ஒன்று குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தான். கேட்டால், "நெட்வொர்க் சரியில்லை மாமி" என்றான். ஒரே அறையில் உட்கார்ந்து ஆடினால் இந்தத் திருட்டு நடக்காது. இங்கே தாமதமே சாட்சி சொல்ல வந்துவிடுகிறது.

அதனால் காகிதம். பழைய மாதக் காலண்டரை நான்காகக் கிழித்து, பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, கவிழ்த்து வைத்துவிட்டு, "எடு" என்றதும் திருப்ப வேண்டும். எழுதியது எழுதியதுதான். அதிலும் உம்மா புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். நம் முகம் தெரியும் சின்னக் கட்டத்தில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத்தான் தெரியும். எதிரில் இருப்பவர்களுக்குச் சரியாகவே தெரியும். உம்மாவுக்குத் தன் 5 திரும்பித் தெரிந்தது. அடுத்த சுற்றில் அக்கறையாக அதைத் திருப்பி எழுதினார். எங்களுக்கு அது 2 ஆகத் தெரிந்தது. 23 வந்திருக்க வேண்டிய கூட்டல் 20 ஆனது, ஒருவரும் மூழ்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்றுதான் இன்றுவரை சொல்கிறார். இப்போது எண் எழுதுவதில்லை, கோடு போடுகிறோம். கோட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் கோடுதான்.

தீராத ஒன்று இருக்கிறது. மூழ்கியவர் என்ன செய்வது? ராத்தா மகள் மூழ்கிய மறுநொடி அழைப்பைத் துண்டித்துவிட்டுப் போய்விடுகிறாள். உம்மா போனை மல்லாக்க வைத்துவிடுகிறார். அந்தக் கட்டத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேரில் என்றால் தோற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து வம்பளப்பார். இங்கே தோற்றவருக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் விடுதலை. உங்களில் யாராவது இதைத் தாண்டியிருக்கிறீர்களா?

பாம்பன் படகுவீடு

உங்களுக்குத் தாமதம், எங்களுக்குச் சத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். எங்கள் வீட்டு ஆண்களுக்குப் பொழுது போகாது. வெளியூரில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளோடு ஆட, சத்தத்தைக் கேட்டுச் சொல்லும் விளையாட்டு ஒன்றைத் தயாரித்தோம். ஒருவர் கேமராவை மூடிக்கொண்டு ஏதாவது சத்தம் எழுப்ப வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அப்பா போட்டியில் ஜெயிக்கவே பிறந்தவர். 1914-இல் வந்த பழைய பாலத்தில் ரயில் ஊர்ந்த சத்தத்துக்கும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் போகும் சத்தத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வார். இரண்டையும் போனில் பதிந்து வைத்திருந்தேன். ஒலிக்கவிட்டேன். மறுமுனையில் நிசப்தம். குக்கர் விசில் அடித்தோம், பாதியில் அறுந்தது. வாளியில் தண்ணீர் ஊற்றினோம், ஒன்றுமே போகவில்லை. பிறகுதான் புரிந்தது, இந்தச் செயலிகள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டிவிடுகின்றன. அமைப்புகளில் அதை நிறுத்தலாம்தான். ஆனால் எட்டு வீட்டில் எட்டுப் பேருக்கு அதை விளக்குவதற்குள் தடைக்காலமே முடிந்துவிடும்.

அப்பாவே வழி சொன்னார். எந்தச் சத்தமானாலும் வாயால்தான் செய்ய வேண்டும். அவர் பழைய பாலத்து ரயிலை வாயாலேயே ஓட்டிக் காட்டினார், பலகை அதிர்வு உட்பட. சித்தப்பா மகள் உடனே, "பெரியப்பா, இது பெட்டி குறைவாக இருக்கிறதே!" என்றாள். நிஜ ரயிலைவிட அதற்குத்தான் அதிகம் சிரித்தோம்.

தொண்டி மாணவன்

நாங்கள் ராஜா ராணி திருடன் போலீஸ் ஆடினோம். சீட்டு போட முடியாது என்பதால், ஒருவர் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக ஆளுக்கொரு பாத்திரத்தை அனுப்புவார். செய்தியைப் படிக்க வீடியோவை விட்டு வெளியே போனால் படம் அப்படியே நின்றுவிடும். திருடனுக்கு வந்தது மட்டும் நீண்ட செய்தி, யாரிடம் திருட வேண்டும் என்பதுவரை அதில் இருந்தது. யார் முகம் அதிக நேரம் உறைந்து நின்றதோ அவன்தான் திருடன். போலீஸுக்கு வேலையே இல்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே நீளத்தில் நான்கு வரி அனுப்புகிறோம், மூன்று வரி வெறும் வெட்டிப் பேச்சு.

1986-இல் மாஸ்கோவில் ஓர் உளவியல் மாணவர், மறைந்திருக்கும் ஆட்களைப் பேசிப் பேசியே கண்டுபிடிக்கும் மாஃபியா என்ற விளையாட்டை உருவாக்கினார் என்று விடுதி நண்பன் பெருமையாகச் சொன்னான். அப்பத்தாவிடம் விதிகளைச் சொன்னேன். "திருடனைக் கண்டுபிடிக்க இத்தனை பேச்சா?" என்றார்.

சாயல்குடி வாத்தியார்

ஓய்வு பெற்றவன். பேரப்பிள்ளைகளுக்காக இதில் இறங்கினேன். இரண்டு விஷயம்.

வெள்ளோட்டத்தின்போது விளையாட்டைச் செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. நான் மூன்று வாரம் விளக்கம் சொல்லிச் சொல்லியே ஆடவைத்து, ஆட்டம் நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். நான்காவது வாரம் விதிகளை எழுதி அனுப்பிவிட்டு, என் ஒலியை அணைத்துவிட்டு, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டாவது விதியிலேயே சண்டை. "இடப்பக்கம் இருப்பவர் அடுத்து ஆட வேண்டும்" என்று எழுதியிருந்தேன். ஒவ்வொருவர் திரையிலும் கட்டங்கள் வேறு வேறு வரிசையில் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இடப்பக்கம் என்று ஒன்று அங்கே கிடையாது. வயது வரிசை என்று மாற்றினேன். (அதிலும் இரண்டு மருமகள்கள் வயதைச் சொல்ல மறுத்தது தனிக்கதை.) இன்னொன்று, இலவச ஜூம் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். ஆட்டம் 35 நிமிடத்துக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் ஜெயிக்கும் நேரத்தில் எல்லோரும் மறைந்துபோவோம்.

கீழக்கரை அம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. செத்தும் கொடுத்தவர் உங்கள் ஊர்க்காரர்தானே?

கீழக்கரைக்காரி

வாத்தியார் ஐயா, மூன்று நாளாக அந்த ஒரு வரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்று ஊரே சொல்லும். வள்ளலைத் தேடி வந்த புலவருக்கு, அவர் அடக்கமான பிறகும் கை நீண்டு மோதிரம் கிடைத்த கதையை உம்மாதான் எனக்குச் சொல்லியிருக்கிறார். எனக்குத் தோன்றவில்லையே!

புது விதி: எல்லோரும் ஐந்து முத்தோடு தொடங்க வேண்டும். மூழ்கியவர் சீதக்காதி ஆகிவிடுவார். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் தன் கையிருப்பிலிருந்து ஒரு முத்தை, உயிரோடு இருக்கும் யாராவது ஒருவருக்குக் கொடுக்க வேண்டும்.

வெள்ளியன்று ஆடிப் பார்த்தோம். ராத்தா மகள் இரண்டாம் சுற்றில் மூழ்கினாள், ஆனால் போகவில்லை. போக விடவில்லை. காக்கா அவளிடம், "கண்ணே, போன பெருநாளுக்கு உனக்கு யார் வாட்ச் வாங்கித் தந்தது?" என்று ஆரம்பித்தார். மச்சி தன் கணவரை ஒலி அணைக்கச் சொன்னார். அவர்கள் ஒரே அறையில் இரண்டு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் ஊளைச் சத்தம் வேறு. காக்காவை மாடிப்படிக்கு விரட்டினோம். அங்கிருந்தும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

உம்மா மூன்றாம் சுற்றில் மூழ்கினார். ஐந்து கோடு, வேண்டுமென்றேதான் என்று எனக்குச் சந்தேகம். அதன்பின் ஒவ்வொரு முத்தையும் காக்கா மகனுக்கே கொடுத்தார். நான்கு சுற்று, நான்கு முத்து. அவன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான், கடைசியில் ஜெயித்தான்.

"ஒரே ஆளுக்கு அடுத்தடுத்துக் கொடுக்கக் கூடாது என்று விதி போடப்போகிறேன் உம்மா" என்றேன்.

"போட்டுக்கொள்" என்றார். "ஒரு சுற்று உனக்கு, ஒரு சுற்று அவனுக்கு. பிள்ளை விடுதியில் என்னத்தைச் சாப்பிடுகிறானோ."