புதுப்பிப்பு: குட்டைக்கு ஷீட் போட்டாச்சு

பெங்களூருவை அடுத்த ஆனேக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் வெட்டிய மழைநீர்க் குட்டைக்கு, தண்ணீர் மண்ணில் இறங்காமல் இருக்க விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட் 300 மைக்ரான் (0.3 மி.மீ.) கனம் போதுமா, 500 வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, கடைசியில் 500 மைக்ரான் (0.5 மி.மீ.) எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கில் செய்த கறுப்பு ஷீட்தான் வாங்கினேன். 1.5 மி.மீ. போடச் சொன்னவர்களே, அது குப்பைக்கிடங்குக்குப் போடுவது, என்னிடம் இருப்பது வெறும் மழைத்தண்ணீர்.

ஷீட்டை விட அடியில் உள்ள மண்தான் வேலை வாங்கியது. கல், வேர் எல்லாம் பொறுக்கிச் சலித்த மண் பரப்பவே 3 நாள்.

ஷீட்டும் ஷீட்டும் சேரும் இணைப்பில், சூட்டில் உருக்கி ஒட்டும் வெல்டிங் இரண்டு வரி, நடுவில் சின்னக் குழாய் மாதிரி ஓர் இடைவெளி. இரு முனையையும் அடைத்து ஊசி வழியாகக் காற்றேற்றினால் மீட்டர் முள் இறங்காமல் நிற்க வேண்டும். ஒரு இணைப்பில் மட்டும் மெல்ல இறங்கியது, தேடினால் வெல்டிங்குக்குள் ஒரு துளி மண். துடைக்காமலே ஓட்டியிருக்கிறார்கள்! அங்கே ஒட்டுப் போட்டோம்.

நான் செய்த தப்பு, மத்தியான வெயிலில் ஷீட்டை விறைப்பாக இழுத்து, அதன் ஓரத்தைக் கரைமேல் வெட்டிய பள்ளத்தில் புதைக்கச் சொன்னது. ராத்திரி குளிரில் சுருங்கி, காலையில் பார்த்தால் அடிமூலையில் மண்ணை விட்டு ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு பக்கப் பள்ளத்தைத் திரும்பத் தோண்டி, காலைக் குளிரிலேயே தளர்வு விட்டு மூடினோம்.

அப்புறம், நனைந்த ஷீட் பயங்கரமாக வழுக்கும். வேலி வரும்வரை, யாராவது உள்ளே விழுந்தால் பிடித்து ஏற, நான்கு பக்கமும் முடிச்சுப் போட்ட கயிறு தொங்கவிட்டிருக்கிறேன்.