மிச்சிகன் பல்கலைக்கழக பேஸ்பால் அணியும் ஒரு கை பிட்சரும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உசிலை பி.டி. டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். கபடி, கோ-கோ, எறிபந்துதான் எங்கள் ஊர் ஆட்டம். ஒரு பழைய மாணவர் இரண்டு பேட்டும் ஒரு சாக்கு நிறைய பழைய கிளவுஸும் கொண்டுவந்து இறக்கியதிலிருந்து பேஸ்பாலும் சேர்ந்துகொண்டது. மைதானம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்குப் பின்னால் சீமைக்கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்திய பொட்டல்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன். பிறவியிலேயே வலது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. இடது கையால் கல்லை விட்டான் என்றால் எந்தப் புளியம்பழத்தைச் சொல்கிறோமோ அதுதான் கீழே விழும். கபடியில் அவனை யாரும் கூப்பிடுவதில்லை, அவனும் கேட்பதில்லை. இப்போது பேஸ்பாலில் பிட்சராக நிற்க வேண்டும் என்கிறான். வீசுவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடித்த பந்து நேராக அவன் மேலேயே திரும்பி வந்தால் எதை வைத்துத் தடுப்பான் என்பதுதான் பயம். ஹெச்.எம்முக்கும் அதே பயம்.

மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் இப்படி ஒருவர் ஆடியிருக்கிறார் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. கீழே வழக்கம்போல 'உன்னால் முடியும் தம்பி' ரகத்தில் நாலு வரி. ஆளுடைய பெயரைக்கூடப் போடவில்லை. இது நிஜமா? நிஜம் என்றால் பந்தை எப்படிப் பிடித்தார்? அந்த அணி எவ்வளவு பழையது, அவருக்கு முன்னால் யாரெல்லாம் ஆடினார்கள்? பிள்ளைகள் கேட்டால் சொல்ல நாலு விஷயம் வேண்டும்.

இன்னொன்று. இடது கையால் வீசுகிறவர்களுக்கான கிளவுஸ் கேட்டு மதுரையில் சாமான் கடைக்குப் போனேன். ஸ்டாக் இல்லை, மீரட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்கிறார்கள். வேறு எங்காவது கிடைக்குமா?

நாகமலை லெஃப்டி

டீச்சர், அவர் பெயர் ஜிம் அபட். முழுக்க நிஜம். பிறக்கும்போதே வலது உள்ளங்கை கிடையாது. 1993 செப்டம்பர் 4 அன்று நியூயார்க் யாங்கீஸ் அணிக்காகக் கிளீவ்லாண்ட் அணிக்கு எதிராக ஒரு ஹிட் கூட (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் ஓடி, பேஸ் என்கிற கட்டத்தைச் சேர்வது) விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தவர். இரண்டு கை இருக்கிற பெரும்பாலான பிட்சர்களுக்கே வாழ்நாளில் அது வாய்ப்பதில்லை. யூடியூபில் தேடினால் வீடியோ கிடைக்கும். வேகத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் கிளவுஸ் எப்போது கை மாறுகிறது என்பதே தெரியாது.

மிச்சத்தைப் பெரிய சார் வந்து சொல்லுவார். எங்களில் பாதிப் பேருக்குக் கிளவுஸ் மாட்டக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

தல்லாகுளம் ரிட்டயர்டு பி.டி.

டீச்சரம்மா, முதலில் உங்கள் பயத்தைப் பார்ப்போம். வரலாறு எங்கேயும் ஓடிவிடாது.

அபட் வீசும்போது கிளவுஸ் அவர் வலது முன்கையின் முனையில் சொருகின மாதிரி உட்கார்ந்திருக்கும். கை நுழைகிற வாய் இடது பக்கம் பார்த்தபடி இருக்கும். இடது கை பந்தை விடும். விட்ட கை முன்னால் வந்து முடிகிறது பாருங்கள், அந்த ஓட்டத்தை நிறுத்தாமலே நேராகக் கிளவுஸுக்குள் போய்விடும். பந்து பேட்டுக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் ஆள் கிளவுஸோடு தயாராக நிற்பார். பந்தைப் பிடித்தாரா, கிளவுஸை வலது கை மடிப்பில் மார்போடு அணைத்து இடது கையை உருவுவார். உருவும்போதே பந்தும் கையோடு வந்துவிடும். அடுத்த நொடி முதல் பேஸுக்கு எறிந்திருப்பார். சின்ன வயதில் செங்கல் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பழகியது அது. பழகப் பழகச் சுவருக்குக் கிட்டே கிட்டே போவாராம், பந்து சீக்கிரம் திரும்பி வரட்டும் என்று.

பள்ளிக்கூட ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் சும்மா விடவில்லை. ஆளைப் பார்த்ததும் வரிசையாகப் பன்ட் தட்டினார்கள் (பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிக் கிட்டேயே போடுவது), பந்தை எடுக்கத் திணறட்டும் என்று. அவர் ஓடிவந்து எடுத்து அவுட் ஆக்கிக்கொண்டே இருந்தார். அப்புறம் அந்தத் தந்திரத்தை விட்டுவிட்டார்கள். உங்கள் பையனுக்கும் முதல் மேட்சில் இதே வரவேற்புதான் இருக்கும். அதனால் பன்ட் எடுக்கிற பயிற்சியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

அபட் பிறந்தது மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்ற கார் தொழிற்சாலை ஊரில். 1985இல் பள்ளி முடித்ததுமே டொரண்டோ அணி எடுத்தது. அதை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1986 முதல் 1988 வரை மூன்று சீசனில் 26 வெற்றி, 8 தோல்வி. 1987இல் கியூபாவுக்கே போய் கியூபா அணியைத் தோற்கடித்தார். 1988 சியோல் ஒலிம்பிக்ஸ் இறுதியாட்டத்தில் ஜப்பானுக்கு எதிராக முழு ஆட்டமும் அவரே வீசி 5–3 என்று ஜெயித்துக் கொடுத்தார். பேஸ்பால் அப்போது பதக்கக் கணக்கில் சேராத காட்சி விளையாட்டுதான் என்றாலும் ஒலிம்பிக்ஸ் ஒலிம்பிக்ஸ்தானே. அங்கிருந்து கீழ்நிலை லீக் எதிலும் ஆடாமல் 1989இல் நேராக மேஜர் லீக், அதாவது அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்.

சரி, இப்போது அணிக்கு வருவோம். மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இருக்கிறது. அங்கே பேஸ்பால் 1860களிலிருந்தே உண்டு. அந்த அணி வாங்கின கோப்பைகளை விட, அங்கே யார் யார் வந்து போனார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

1881இல் ஓபர்லின் கல்லூரி அணி மிச்சிகனைத் தோற்கடித்தது. ஓபர்லின் என்ற பெயர் மதுரைக்காரர்களுக்குப் புதிதில்லை. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக்குக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முன்பெல்லாம் அங்கிருந்து பிள்ளைகள் வருவார்கள். நம் அமெரிக்கன் கல்லூரி தொடங்கியதும் அதே 1881 தான். அன்றைய ஓபர்லின் அணியின் கேட்சர் (அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர், கறுப்பின இளைஞர். ஆட்டத்தைப் பார்த்த மிச்சிகன்காரர்களுக்கு ஆளை விட மனசில்லை. 1882இல் அவர் மிச்சிகனுக்கு ஆடினார்.

1884இல் வாக்கர் டொலிடோ அணிக்காக மேஜர் லீகில் 42 ஆட்டம் ஆடினார். அந்தக் காலத்துக் கேட்சரின் பாட்டை யோசித்துப் பாருங்கள். இன்றைக்கு இருக்கிற தடிமன் கிளவுஸ் கிடையாது. மெல்லிய தோலுறை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கை. பிட்சர் என்ன பந்து போடப்போகிறான் என்பது கேட்சருக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் எந்தப் பந்து போட வேண்டும் என்று கேட்சர் காட்டுகிற சைகை. டொலிடோவின் பிட்சர் டோனி முல்லேன், தான் வீசினதில் வாக்கரைப் போல ஒரு கேட்சரைப் பார்த்ததில்லை என்று பிற்பாடு சொன்னவர். அதே வாயால், ஒரு கறுப்பர் காட்டும் சைகைக்குத் தான் கட்டுப்படவில்லை, இஷ்டப்பட்ட பந்தைப் போட்டேன் என்றும் சொன்னார். என்ன பந்து வருகிறது என்று தெரியாமலே வாக்கர் குந்தியிருந்து பிடித்திருக்கிறார். அந்த சீசனில் விலா எலும்பும் முறிந்தது.

1887இல் சிகாகோ அணித் தலைவர் கேப் ஆன்சன், கறுப்பர் இருக்கிற அணியோடு ஆடமாட்டேன் என்று அடம் பிடித்தார். அதையொட்டியே மற்ற இடங்களிலும் கதவைச் சாத்தினார்கள். சட்டம் என்று எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்கு எவ்வளவு வலு என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். அது 60 வருடம் நீடித்தது.

அந்தக் கதவைத் திறந்தவரும் இதே மிச்சிகன் அணியில் இருந்தவர்தான். பிராஞ்ச் ரிக்கி. காச நோயிலிருந்து தேறி, சட்டம் படிக்க ஆன் ஆர்பர் போனார். படிப்புச் செலவுக்காக 1910 முதல் 1913 வரை அணிக்குக் கோச்சாக இருந்தார். ஆட்டக்காரராக அவர் சுமார்தான். 1907இல் ஒரே ஆட்டத்தில், இவர் கேட்சராக நிற்கும்போது எதிரணி 13 பேஸ் திருடியிருக்கிறது! (பிட்சர் வீசுகிற நேரத்தில் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பதுதான் திருட்டு, அதைத் தடுப்பது கேட்சர் வேலை.) ஆனால் ஆளை எடை போடுவதில் கில்லாடி. இன்ஜினியரிங் படிக்க வந்த ஜார்ஜ் சிஸ்லரை அவர் பிடித்துப்போட்டது அங்கேதான். சிஸ்லர் 1920இல் ஒரே சீசனில் 257 ஹிட் அடித்தார். அதை முறியடிக்க 2004இல் ஜப்பான்காரர் இச்சிரோ வர வேண்டியிருந்தது. இந்த ரிக்கிதான் பிற்பாடு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்குக் கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனைக் கொண்டுவந்தார். ராபின்சன் முதல் ஆட்டம் ஆடியது 1947 ஏப்ரல் 15.

ஆக வாக்கர், ரிக்கி, அபட் மூவருக்கும் ஒரே பல்கலைக்கழகம். நான் சொல்வதானால் பிள்ளைகளுக்கு இந்த வரிசையில்தான் சொல்வேன். அபட்டை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்தால் அது தன்னம்பிக்கைப் பேச்சாளர்களுக்குத் தீனி ஆகிவிடும். பையனுக்கும் கூச்சமாக இருக்கும்.

மேலூர்க்காரன் டெட்ராய்ட்

சார் சொன்னதோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். நான் இருக்கிற இடத்திலிருந்து ஆன் ஆர்பர் முக்கால் மணி நேரம்.

மைதானத்துக்கு ரே ஃபிஷர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1921லிருந்து 1958 வரை கோச். சின்சினாட்டி அணியில் பிட்சராக இருந்தவர், அதை விட்டுவிட்டு மிச்சிகன் வேலைக்கு வந்தார் என்பதற்காகத் தொழில்முறை பேஸ்பாலில் அவருக்குத் தடை போட்டார்கள். அந்தத் தடை நீங்கியது 1980இல், அவருக்கு 92 வயதில்! அவர் காலத்தில்தான் 1953இல் டெக்சாஸை 7–5 என்று ஜெயித்துத் தேசியக் கோப்பை. 1962இல் இன்னொன்று, சாந்தா கிளாராவோடு 15 இன்னிங்ஸ் இழுத்து 5–4.

அதற்கப்புறம் கோப்பை இல்லை. இதற்குப் பெரிய காரணம் குளிர். கல்லூரி சீசன் பிப்ரவரியில் தொடங்கும், இங்கே அப்போது பனி கொட்டும். முதல் சில வாரம் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கு மாநிலங்களுக்குப் போய்த்தான் ஆட வேண்டும். அங்கே உள்ள பசங்கள் வருடம் முழுக்க வெயிலில் ஆடுகிறவர்கள். அப்படியும் 2019இல் இறுதிச் சுற்று வரை போய், முதல் ஆட்டத்தை ஜெயித்து, அடுத்த இரண்டை வாண்டர்பில்ட்டிடம் விட்டார்கள். அந்த வாரம் எங்கள் ஆபீஸில் ஒருத்தரும் வேலை பார்க்கவில்லை.

ஒரு சின்ன விஷயம் சார். மேஜர் லீகில் முதல் கறுப்பின ஆட்டக்காரர் வாக்கர்தானா என்பதில் இப்போது பேச்சு இருக்கிறது. 1879 ஜூன் 21 அன்று வில்லியம் எட்வர்ட் ஒயிட் என்ற பிரவுன் பல்கலைக்கழக மாணவர் பிராவிடன்ஸ் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருக்கிறார். தாய் அடிமையாக இருந்தவர், தகப்பன் தோட்ட முதலாளி.

தல்லாகுளம் ரிட்டயர்டு பி.டி.

ஒயிட் கதை தெரியும் தம்பி. அதனால்தான் 'முதல்' என்ற வார்த்தையை நான் போடவில்லை. ஒயிட் வெள்ளைக்காரராகவே அறியப்பட்டு வாழ்ந்தவர். வாக்கர் யார் என்பது மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், தெரிந்தே வசவும் வாங்கினார். இரண்டும் ஒன்றாகாது.

உசிலை பி.டி. டீச்சர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வீடியோவை இன்று மதியம் பையனிடம் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பார்த்தால் ஸ்டோர் ரூம் சுவரில் பந்தை எறிந்துகொண்டிருக்கிறான். பிடிக்கத்தான் வரவில்லை, கிளவுஸ் கீழே விழுந்துகொண்டே இருக்கிறது. அந்த மீரட் கிளவுஸுக்குச் சொல்லிவிடட்டுமா சார்?

தல்லாகுளம் ரிட்டயர்டு பி.டி.

வேண்டவே வேண்டாம்! லெஃப்டிக்கு என்று விற்கிற கிளவுஸ் வலது கையில் மாட்டுவது. நம் நாகமலைத் தம்பிக்கு அது சரி, உங்கள் பையனுக்கு அது உதவாது. அவன் வீசுவதும் இடது கை, பிடிப்பதும் இடது கை. அவனுக்கு வேண்டியது இடது கையில் மாட்டுகிற சாதாரணக் கிளவுஸ். உங்கள் சாக்கிலேயே நிறைய இருக்கும், பாருங்கள்.

அதில் நன்றாகத் தொய்ந்ததாக ஒன்றை எடுங்கள். புதுசு விறைப்பாக இருக்கும், கை சட்டென்று உள்ளே போகாது. மணிக்கட்டுப் பட்டையைத் தளர்த்தி விடுங்கள். சுவரில் எறியும்போது டென்னிஸ் பந்து போதும், தூரம் நாலைந்து எட்டு. முதலில் பந்தே இல்லாமல் வீசுகிற மாதிரி கையை ஓட்டிக் கிளவுஸுக்குள் நுழைக்கச் சொல்லுங்கள். ரொம்பச் சலிப்பான வேலை. கிளவுஸ் விழாமல் நிற்க ஆரம்பித்த பிறகு பந்தைக் கொடுங்கள். நிஜப் பந்தில் பேட்ஸ்மேனை நிறுத்தி வீச விடுவது அதற்கெல்லாம் அப்புறம்தான், முகக்கவசம் போட்டு. ஹெச்.எம்மிடம் சண்டை போடுவதானால் அந்த முகக்கவசத்துக்குப் பணம் கேட்டுச் சண்டை போடுங்கள். ஒன்று வாங்கினால் எல்லாப் பிட்சருக்கும் ஆகும்.

இன்னொன்று, பிட்சருக்கும் அடிக்கிறவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே 60 அடி 6 அங்குலம் என்பது பெரியவர்களுக்கான தூரம். அவனை இப்போதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்க வையுங்கள், தோள்பட்டை தப்பிக்கும்.

சனிக்கிழமை காலையில் நானே வருகிறேன். பரண் மேல் நல்லதாக இரண்டு கிளவுஸ் கிடக்கிறது. ஆரப்பாளையத்தில் தேனி பஸ் ஏறினால் செல்லம்பட்டியில் இறக்கிவிடுவானா, இல்லை உசிலம்பட்டி போய்த் திரும்ப வரணுமா?