மறு: கார் திரையில் தெரியும் வேக எல்லைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. ஸ்டுட்கார்ட் அக்கா தொடங்கி வைத்த கேள்வி இது:

> வண்டியின் முன் கண்ணாடியை மாற்றிய பிறகு திரையில் வேக எல்லை தப்பாகக் காட்டுகிறது. இதைத் தமிழில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தால் அந்தக் காட்சிக்கே பெயர் கிடைக்கவில்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள்: வேகக் கட்டுப்பாட்டுத் திரை, வேக எல்லைக் காட்டி, வரம்புமானி. மூன்றும் எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

'கட்டுப்பாடு' என்றால் வண்டியே வேகத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று படிப்பவர் நினைப்பார். லாரியிலும் பள்ளிப் பேருந்திலும் பூட்டும் ஸ்பீடு கவர்னரைத்தான் தமிழ்நாட்டில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்கிறோம். அது எரிபொருளைக் குறைத்து வண்டியை அடக்குவது. நாம் பேசும் திரையோ ஓர் எண்ணைக் காட்டுகிறது, அவ்வளவுதான். 'மானி'யும் சரிவராது. வெப்பமானி, வேகமானி எல்லாம் எதையாவது அளக்கின்றன. இது எதையும் அளக்கவில்லை. எங்கிருந்தோ வாங்கி வந்து காட்டுகிறது.

'எல்லை'தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் பேச்சில் நன்றாகப் புழங்கும் சொல். ஆனால் ஜெர்மனியில் ஊர் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். அதில் ஊர்ப்பெயர்தான் இருக்கும், எண் இருக்காது. அதைத் தாண்டினால் 50, ஊரை விட்டு வெளியே வந்தால் 100 என்பது சட்டம். அந்தப் பலகையைத் தமிழில் எழுதப் போனால் 'ஊர் எல்லைப் பலகை' என்றுதான் வரும். அப்புறம் "எல்லைக் காட்டி எல்லைப் பலகையைக் கவனிக்கவில்லை" என்று பழுதுக் குறிப்பு எழுதினால் யாருக்குப் புரியும்?

அதனால் என் பரிந்துரை வரம்புகாட்டி. வேக வரம்பு என்பது ஏற்கெனவே செய்தித்தாள்களில் புழங்குகிறது. இலங்கையில் வயல் வரப்பை வரம்பு என்றே சொல்வார்கள், அங்கேயும் அந்நியமாக இருக்காது. நடுவில் 'க்' போட வேண்டுமா என்று மதுரை ஐயா கேட்டிருந்தார். வேண்டாம் ஐயா. வரம்பைக் காட்டுவது, இரண்டாம் வேற்றுமைத் தொகை; வழிகாட்டி, திசைகாட்டி போலவே மிகாமல் எழுதலாம்.

ஆனால் இந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் அக்காவின் வேலை முடியாது. திரையில் தெரியும் எண் பெரும்பாலான வண்டிகளில் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, ஓட்டுநர் பின்பக்கம் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமரா சாலையோரப் பலகையைப் படிப்பது. இன்னொன்று, வண்டிக்குள் இருக்கும் வரைபடத்தில் அந்தச் சாலைக்கு எழுதி வைத்திருக்கும் வரம்பு. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவை வண்டி காட்டுகிறது. எனவே மூன்று பெயர் வேண்டும்: பலகை வாசிப்பு, வரைபட வரம்பு, வரம்புகாட்டி. வரம்புகாட்டி தப்பாகக் காட்டுகிறது என்றால் பழுது அநேகமாக முதல் இரண்டில் ஒன்றில் இருக்கும், திரையில் அல்ல. சொல்லைப் பிரித்து வைத்தால் பழுதையும் பிரித்துத் தேடலாம்.

தேடும் விதம் எளிது. ஒரே இடத்தில், பகலிலும் இரவிலும், எப்போது போனாலும் அதே தப்பான எண் வருகிறதா? அப்படியானால் வரைபட வரம்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வரைபடத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். இடத்துக்கு இடம் மாறி, வெயில் எதிரே அடிக்கும்போதோ மழையிலோ மட்டும் தப்புகிறதா? அது பலகை வாசிப்பு.

வாசிப்பு தப்புவதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இவற்றில் பல பழுதே அல்ல. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் கிளைப் பாதையின் 60ஐ, நேராகப் போகும் வண்டியின் கேமராவும் பார்த்துவிடும். ஜெர்மன் பேருந்துகளின் பின்னால் வட்டத்துக்குள் 100 என்று ஒட்டியிருப்பார்கள். அது அந்தப் பேருந்துக்கான வரம்பு, சாலைக்கானது அல்ல. பலகைக்குக் கீழே 'ஈரத்தில் மட்டும்', 'இரவு 10 முதல் காலை 6 வரை' என்று தொங்கும் சிறு பலகையை விட்டுவிட்டு மேலே உள்ள எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வதும் உண்டு. எல்.ஈ.டி. பலகைகள் இன்னொரு தொல்லை. அவை நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிகின்றன. கேமரா படம் பிடிக்கும் நொடித்துளியில் விளக்கு அணைந்திருந்தால் 80இல் பாதிதான் பதிவாகும்.

இனி அக்காவின் வண்டி. கண்ணாடி மாற்றிய பிறகே தொடங்கியது என்பதால் வரைபடத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேமராவைப் பாருங்கள். முதலில் கேமராவுக்கு எதிரே கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். உள்பக்கம் படியும் மெல்லிய படலம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போய் வருபவர்கள் சாலைக்கட்டண ஒட்டியைச் சில நேரம் அங்கேயே ஒட்டிவிடுகிறார்கள், அதையும் பாருங்கள். அப்புறமும் தப்பினால், கண்ணாடி மாற்றிய இடத்தில் கேமராவுக்குக் காலிபரேஷன், அதாவது அதன் பார்வைத் திசையைச் சரிசெய்யும் வேலை, செய்தார்களா என்று கேட்டு, அதற்கான தாளை வாங்குங்கள். வண்டியைப் பொறுத்து, முன்னால் கேமரா பார்ப்பதற்கான குறிப்பலகை நிறுத்திச் செய்வார்கள், அல்லது சாலையில் ஓட்டிச் செய்வார்கள், அல்லது இரண்டும். இது சடங்கு அல்ல. கேமரா ஒரு பாகை திரும்பியிருந்தால், 50 மீட்டர் தள்ளி நிற்கும் பலகை ஏறக்குறைய 87 சென்டிமீட்டர் விலகித் தெரியும். பக்கத்துத் தடத்தின் பலகையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணமாகலாம்.

லண்டன் தம்பிக்கு ஒரு வரி: உங்கள் ஊரில் வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு மட்டும் போட்ட பலகையில் எண்ணே கிடையாது. காருக்கு நடுவே பிரிக்காத சாலையில் மணிக்கு 60 மைல், நடுவே பிரித்த சாலையில் 70. அங்கே பலகையைப் படித்தால் மட்டும் போதாது, எந்த வகைச் சாலை என்று வரைபடமும் சொல்ல வேண்டும்.

சென்னை நண்பர் ஒருவர், தன் காரும் 80இல் பீப் அடிக்கிறது, அதற்கும் இதே சொல்லா என்று கேட்டார். அல்ல. 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமான அந்த ஒலி 80ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் அடிக்கும். சாலையின் வரம்பு என்ன என்பது அதற்குத் தெரியாது. அதை 'வேக எச்சரிப்பு' என்று தனியே வைத்துக்கொள்வோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் கார்களில் இருந்தாக வேண்டிய ஏற்பாடு வேறு. அது சாலையின் வரம்பைத் தெரிந்துகொண்டு, மீறினால் ஓட்டுநருக்கு உணர்த்துகிறது. அணைத்தாலும் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது மறுபடி விழித்துக்கொள்ளும். அதற்கு 'வேகத்துணை' சரியாக இருக்கும் என்று படுகிறது. வரம்புகாட்டி அதன் ஓர் உறுப்பு.

காலிபரேஷனுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. 'அளவுத்திருத்தம்' தராசுக்குப் பொருந்தும்; கேமராவின் பார்வைத் திசையைச் சரிசெய்வதற்கு அது ஒட்டவில்லை. 'நோக்குத்திருத்தம்' என்று எழுதிப் பார்த்தேன், படிக்கையில் உறுத்தவில்லை. பட்டறையில் வேலை செய்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள். அக்கா, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்ததும் எந்தப் பலகையில் தப்பியது என்று எழுதுங்கள்.